பதினான்காம் இலக்க வீட்டு மரங்கள்

இல. 14, புதிய வீடுகள்,
குயில்மலைத் தோட்டம், தெமோதரை.
2024.02.11

அன்புள்ள வீரய்யா அண்ணனுக்கு,

தங்கச்சி நிரஞ்சலா எழுதுவது. காதைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு நன்றாக இருக்கிறது. வத்தளையில் நீங்கள், மகன், மருமகள் எல்லாரும் எப்படி? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் நீங்கள் பேசினால் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது. தேயிலை ஸ்டோரில் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருசம் நின்றதற்கு எனக்குக் கிடைத்த மிச்சம் அது. ஆகவே கடிதமே எழுதுங்கள்.

தை மாதம் புது வீட்டுக்கு வந்துவிட்டேன். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தபோது எங்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்களே, அந்த இருபது குடும்பத்துக்கும் கட்டிய வீடுகள். இரண்டு அறை, ஒரு குசினி, வாசலில் தண்ணீருக்கு ஒரு பீலி, சுற்றி ஏழு பேர்ச் காணி. காணி உறுதிப் பத்திரம் மட்டும் இன்னும் தரவில்லை. வரும், வரும் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் இறந்து நான்கு வருசம் ஆகிறது, இருந்திருந்தால் இந்த வீட்டைப் பார்த்திருப்பார்.

வீட்டுக்கு முன்னால் வெறும் சிவப்பு மண். மற்றவர்கள் போஞ்சிக்குக் கம்பு நட்டுவிட்டார்கள். எனக்கு மரம் வேண்டும் அண்ணா. சாப்பிடுகிற மரம் இல்லை, பார்க்கிற மரம். துரை பங்களாப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் வளர்த்தீர்களே, கறுத்த தண்டு, உச்சியில் குடை விரித்த மாதிரி இலை, அந்த மரப் பன்னம் ஒன்று. அதோடு நீலப்பூ ஜக்கரண்டா ஒன்று. முப்பத்தொரு வருசம் பங்களாப் பூந்தோட்டத்தில் வேலை செய்த ஆள் நீங்கள். எதை எங்கே வைப்பது என்று விவரமாக எழுதுங்கள்.

உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும்
தங்கச்சி நிரஞ்சலா


வத்தளை
2024.02.26

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால்தான் மூன்றாம் மாடிப் படியைக் கண்டாலே முறைக்கிறது.

வீடு கிடைத்தது பெரிய சந்தோசம். ஆனால் நான் சொல்வதைக் கேள். நீயும் போஞ்சி போடு, லீக்ஸ் போடு, ஓரத்தில் கொஞ்சம் கொத்தமல்லி போடு. உறுதி கைக்கு வராத காணியில் மரம் நடாதே. தோட்டத்துச் சட்டம் உனக்குத் தெரியாததா? மரக்கறி போட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பல வருசம் நிற்கிற மரம் நட்டால் இடத்துக்கு உரிமை கேட்கிறாய் என்பார்கள்.

ஜக்கரண்டா வேண்டவே வேண்டாம். அது உன் வீட்டை விட மூன்று மடங்கு உயரம் போகும். ஏழு பேர்ச்சில் அதை வைத்தால் வேர் அத்திவாரத்தைத் தேடி வரும். கிறிஸ்மஸ் மரம் என்று ஊசியிலை மரத்தை யாராவது தந்தாலும் வாங்காதே, அதுவும் அப்படித்தான். ஆசையாக இருந்தால் இரண்டு சாடியில் ரோசா வை. சாடியைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன் வீரய்யா


குயில்மலை
2024.03.17

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முப்பத்தொரு வருசத்தில் பங்களாத் துரைசாணிக்கு ஒரு நாளாவது "மரம் வேண்டாம், லீக்ஸ் போடுங்க" என்று சொல்லியிருக்கிறீர்களா? எனக்கு மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?

தூக்கி வைத்துக்கொள்ளத்தான் சாடி. நான் தூக்கிக்கொண்டு போவதற்கு இங்கே வரவில்லை.

ஜக்கரண்டா பெரிதாகும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இடத்துக்குத் தகுந்த வேறு மரம் சொல்லுங்கள். நான் கயிறு பிடித்து அளந்துவிட்டேன். வாசலுக்கு முன்னால் பதினெட்டு அடி. மேற்குப் பக்கம் திறந்த வெளி, பின்னேர வெயில் சுவரில் அடிக்கிறது. ஆனி, ஆடியில் எல்ல மலை இடுக்கு வழியாகக் காற்று நேரே இங்கேதான் வரும். கிழக்கு மூலையில் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற கான் இருக்கிறது, அந்த இடம் எப்போதும் ஈரம். இதற்கு மேல் என்ன விவரம் வேண்டும்?

ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டும். எந்த மரம்?

நிரஞ்சலா


வத்தளை
2024.04.07

அன்புத் தங்கச்சிக்கு,

வருசப் பிறப்புக்கு முன்னால் இது கிடைக்குமென்று நினைக்கிறேன். உனக்குப் புது வீட்டில் நல்ல வருசமாக அமையட்டும்.

நீ விடமாட்டாய். சின்ன வயதிலேயே அப்படித்தான். சரி, கேள்.

மரப் பன்னத்துக்கு வெயிலும் ஆகாது, காற்றும் ஆகாது. ஆகவே முதலில் அதற்கு நிழல் தருகிற மரத்தைத் தேடு. மேற்குப் பக்கம் சுவரிலிருந்து பத்து அடி தள்ளி ஒரு மந்தாரை நடு. தோட்டப் பள்ளிக்கூட வேலியில் ஊதாப்பூ மந்தாரை நிற்கிறது, அதன் அடியில் கன்று முளைத்திருக்கும். அது அளவாக வளரும். வேர் கெடுதல் செய்யாது. இலை இடைவெளியில் வெளிச்சம் சல்லடை போட்ட மாதிரி கீழே விழும். பன்னத்துக்கு அந்த வெளிச்சம்தான் பிடிக்கும்.

பன்னத்தைக் கிழக்கு மூலையில் கானுக்குப் பக்கத்தில் வை. ஓடைக் காட்டுக்குள் போய்ப் பெரியதைத் தோண்டி எடுக்காதே. அது காட்டுக்குச் சொந்தம், தோண்டினால் பிழைக்கவும் பிழைக்காது. ரோட்டோரக் கான் சுவரில் சின்னச் சின்னதாக முளைத்திருக்கும். கான் வெட்டுகிற ஆட்கள் அதைப் புல் என்று செதுக்கி எறிவார்கள். எறிந்ததை எடுத்துக்கொள். சாதாரணப் பன்னமா மரப் பன்னமா என்று பார்க்க இலைக் காம்பின் அடியைத் தொட்டுப் பார். பழுப்புச் செதில் மயிர் மாதிரி அடர்ந்திருக்க வேண்டும். குழியில் இலைமக்கு நிறையப் போடு. தண்ணீரை அடியில் மட்டும் ஊற்றாதே, தண்டு மேலும் நனைய வேண்டும். அதன் வேரே தண்டைச் சுற்றித்தான் இருக்கிறது.

ஒன்று தெரிந்துகொள். ஆள் உயரத் தண்டைப் பார்க்கப் பத்து வருசம், அதற்கு மேலும் ஆகலாம்.

இதையெல்லாம் சாக்கில் மண் போட்டு வைத்தாலும் வளரும். உறுதி வரும்வரை சாக்கில் வை. தயவுசெய்து.

அண்ணன்


குயில்மலை
2024.05.05

அன்புள்ள அண்ணனுக்கு,

என் சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே வெக்கை அதிகம் என்று டிவியில் பார்த்தேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

சாக்கில் வைக்கவில்லை. மண்ணில்தான் நட்டேன். பத்து வருசம் இங்கேயே இருப்பேன் என்றுதான் நடுகிறேன்.

பன்னத்தை ஒன்பதாம் வீட்டு ரமேஸ் கொண்டுவந்து தந்தார். கான் வெட்டு வேலையில் இருக்கிறார். காம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தேன், நாய்க்குட்டி காது மாதிரி இருந்தது. ஒரு சாண் உயரம். மந்தாரை முழங்கால் உயரம். சித்திரை மழையில் இரண்டும் பிடித்துக்கொண்டன.

நட்ட எட்டாம் நாள் தோட்டத்து ஆபீஸிலிருந்து பெரிய கிளாக்கர் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாயை அசைத்தார். கை மரத்தைக் காட்டியது. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் உள்ளே போய்க் கொப்பியும் பேனாவும் எடுத்துவந்து நீட்டினேன்.

"ஐயா, எனக்குக் காது கேக்காது. என்னா சொல்றீங்களோ எழுதிக் குடுங்க" என்றேன்.

அவர் கொப்பியைப் பார்த்தார். கையை ஆட்டி இன்னும் பெரிதாக வாயைத் திறந்தார்.

"கத்தினாலும் கேக்காதுங்க. எழுதுங்க. கீழ கையெழுத்தும் போடுங்க."

பேனாவைத் தொடவே இல்லை அண்ணா. முகம் சிவந்து போய்விட்டார். ரமேஸ் பிறகு எழுதிக் காட்டினார், "உறுதி இல்லாத காணியில மரம் வைக்கக் கூடாது, புடுங்கணும்" என்று சொன்னாராம். வாயால் சொல்லத் தைரியம் இருக்கிறது, எழுதத் தைரியம் இல்லை. அப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதி இல்லை என்று அவருக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் நம் லயத்துக் கோடியில் என் ஜக்கரண்டாவை வெட்டியபோதும் இப்படித்தான். காலையில் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கட்டைதான் நின்றது. யார் சொன்னது, யார் வெட்டியது என்று ஒரு துண்டுப் பேப்பர்கூட இல்லை. அப்போது எனக்குப் பதினெட்டு வயது, அழுதேன். இப்போது ஐம்பத்தேழு.

மந்தாரைக்கு எரு எப்போது போடலாம் என்று எழுதுங்கள்.

நிரஞ்சலா


குயில்மலை
2024.06.30

அன்புள்ள அண்ணனுக்கு,

எட்டுக் கிழமையாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதும் முடியவில்லையா? ரமேஸிடம் சொல்லி மருமகளுக்கு மெசேஜ் அனுப்பச் சொன்னேன். "மாமா நல்லாத்தான் இருக்காரு" என்று பதில் வந்ததாம்.

போன வெள்ளிக்கிழமை பதுளை ஆஸ்பத்திரிக்குக் காதைக் காட்டப் போனேன். திரும்பி வந்தபோது மந்தாரை வேரோடு வேலியில் கிடந்தது. பின்னேர பஸ்ஸில் வந்த களைப்போடு பள்ளிக்கூட வேலிக்குப் போய் இன்னொரு கன்று எடுத்து வந்து அதே குழியில் நட்டேன். குழியை மூடாமல் போனது அவர்கள் செய்த உதவி.

பன்னத்தை அவர்கள் பார்க்கவில்லை. புல் என்று நினைத்திருப்பார்கள். காலையும் மாலையும் ஓடையிலிருந்து இரண்டு வாளி கொண்டுவந்து தண்டோடு ஊற்றுகிறேன். என் தோள் இப்போது நல்ல பலமாகிவிட்டது. புது இலை ஒன்று நத்தை மாதிரி சுருண்டு வெளியே வருகிறது.

திங்கட்கிழமைதோறும் ஆபீஸுக்குப் போகிறேன். ஜன்னலில் கொப்பியை வைக்கிறேன். "எழுதிக் குடுங்க." இது நான்காவது கிழமை.

பதில் எழுதுங்கள்.

நிரஞ்சலா


வத்தளை
2024.07.21

நிரஞ்சலாவுக்கு,

எனக்கு நோய் ஒன்றும் இல்லை. நாலு தரம் எழுதி நாலு தரம் கிழித்தேன். இதை மருமகளிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் இதையும் கிழிப்பேன்.

உன் ஜக்கரண்டாவை வெட்டியது நான்.

கங்காணிதான் வெட்டினார் என்று நீ நினைத்தாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அன்றைக்குக் காலையில் பெரட்டுக் களத்தில் துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் லயத்துக் கோடியில ஒரு மரம் நிக்குதாமே. நீயே வெட்டு. வெட்டிட்டு திங்கட்கிழமையிலேர்ந்து பங்களாத் தோட்டத்துக்கு வா" என்றார். எனக்கு இருபத்திரண்டு வயது. மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக் கை கிழிந்துகொண்டிருந்த நேரம். வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்தேன். மரம் கூரை உயரம் வளர்ந்திருந்தது. முதல் பூ அந்த வருசம்தான் வந்திருந்தது. நான் கொண்டுவந்து தந்த விதைதான் அது, ஞாபகம் இருக்கிறதா?

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருசத்தில் எத்தனை மரம் நட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றுகூட நம் வாசலில் இல்லை. நீ மரம் கேட்டு எழுதியபோது வேண்டாம் என்று எழுதினேன். உன்னை அவர்கள் ஏதும் செய்துவிடுவார்களே என்ற பயமும் உண்மைதான். ஆனால் பயம் மட்டும்தான் என்று எழுதினால் அது பொய்.

இன்னொன்று. புது வீட்டில் பீலி இருக்கிறது என்றாயே? பிறகு எதற்கு ஓடையிலிருந்து தண்ணீர் சுமக்கிறாய்?

என்னை என்ன சொல்ல வேண்டுமோ சொல்.

வீரய்யா


குயில்மலை
2024.08.25

அண்ணனுக்கு,

சுகம்.

ஒரு மாதம் உங்களுக்கு எழுதவில்லை. எழுத வரவில்லை. அந்தக் கங்காணி செத்தபோது நான் சாவு வீட்டுக்குப் போகவில்லை. ஒரு குற்றமும் செய்யாத மனிதர். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நீங்கள் முப்பத்தொன்பது வருசம் என் எதிரில் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறீர்கள்.

பீலியை மே மாதம் இருபதாம் தேதி மூடிவிட்டார்கள். என் வீட்டுக் குழாயை மட்டும். எழுதினால் நீங்கள் மரத்தைப் பிடுங்கு என்பீர்கள் என்றுதான் எழுதவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். நான் தரமாட்டேன். வந்து மண்ணை வெட்டுங்கள்.

நிரஞ்சலா


குயில்மலை
2024.09.29

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. பரவாயில்லை, இது அதற்காக எழுதுவதல்ல. செய்தி இருக்கிறது. முழங்காலுக்கு மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பதினைந்தாவது திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! இப்போது வந்திருக்கிற மனேஜர் புதியவர். நான் ஜன்னலில் நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மறுநாள் கடிதம் வீட்டுக்கே வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"புதிய வீடமைப்பில் 14ஆம் இலக்க வீட்டினதும் அதனைச் சேர்ந்த ஏழு பேர்ச் காணியினதும் உரிமையாளரான திருமதி நிரஞ்சலாவுக்கு. தங்கள் காணியில் தாங்கள் நட்டுள்ள அலங்கார மரங்களைப் பதினான்கு நாட்களுக்குள் அகற்றுமாறு இத்தால் அறிவிக்கப்படுகிறது."

கையெழுத்து. முத்திரை. தேதி.

நான் முதலில் "அகற்றுமாறு" என்ற சொல்லைத்தான் பார்த்தேன். ரமேஸ்தான் "உரிமையாளரான" என்ற சொல்லில் விரலை வைத்தார். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் பதுளைக்குப் போனோம். ஷம்ரா என்று ஒரு சட்டத்தரணி, எங்கள் ஆட்களின் காணி வழக்குகள் பார்க்கிற பெண். வாசித்துவிட்டு எழுந்து நின்று இன்னொரு தரம் வாசித்தார். எனக்காக ஒரு தாளில் எழுதினார்: "இது உறுதி இல்லை. ஆனால் காணி உங்களுடையது என்று தோட்டமே எழுதிய முதல் பேப்பர் இது. தொலைத்துவிடாதீர்கள். மரம் நிற்கட்டும். பதிலை நான் எழுதுகிறேன்." தண்ணீர் மூடியதையும் சேர்த்து எழுதினார். அவர் கடிதம் போன மூன்றாம் நாள் பீலி திறந்துவிட்டார்கள். பதினான்கு நாளும் கடந்துவிட்டது. ஒருவரும் வரவில்லை.

இப்போது கேளுங்கள். மற்றப் பத்தொன்பது வீட்டுக்காரர்களுக்கும் மரம் வேண்டுமாம்! எனக்கும் அப்படி ஒரு கடிதம் வரட்டும் என்கிறார்கள். போஞ்சிக் கம்பைப் பிடுங்கிவிட்டு நிற்கிறார்கள். ஒன்பதாம் வீட்டில் இடம் ஒடுக்கம். மூன்றாம் வீட்டு வேலாயியக்காவுக்குச் சிவப்புப் பூதான் வேண்டுமாம். ஏழாம் வீடு நல்ல சரிவு. எந்த வீட்டுக்கு எது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

ஐப்பசி மழை தொடங்கப்போகிறது.

நிரஞ்சலா


வத்தளை
2024.11.10

அன்புத் தங்கச்சி நிரஞ்சலாவுக்கு,

உன் வீட்டிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பதினாறு நாள் மண் வெட்டிய முழங்கால் மூன்றாம் மாடிக்கு ஒரு தடவைகூட நிற்காமல் ஏறியது. மருமகளுக்கே ஆச்சரியம். உன் தோள்வலி எப்படி இருக்கிறது?

முதலில் வேலை. வேலாயியக்காவின் சிவப்புப் பூ பாட்டில் பிரஷ் மரத்துக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றவேண்டாம் என்று சொல். அவர் பாசத்தில் கொன்றுவிடுவார். ஏழாம் வீட்டுச் சரிவில் வைத்த செண்பகத்துக்குக் கீழே கல் அணை சரிந்தால் உடனே அடுக்க வேண்டும். உன் பன்னத்தின் பழைய இலை காய்ந்து தொங்கினால் வெட்டிவிடாதே. குளிர் காலத்தில் தண்டுக்கு அதுதான் போர்வை. மந்தாரைக்குத் தை மாதம் எரு போடு. மே மாதம் நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன்.

கடைசி நாள் ரமேஸ் வீட்டு வேலியோரம் பெரிய கிளாக்கரும் நானும் பேசியதை நீ தூரத்தில் நின்று பார்த்தாய். என்ன பேசினீர்கள் என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று கையை விரித்தேன். அப்போது எழுதிக் காட்ட மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் குழிக்குள் நின்றேன். அவர் மேலே வந்து நின்றார்.

"என்னா வீரய்யா, நீங்களா?" என்றார். "நீங்க பங்களாவுல முப்பது வருசம் நல்ல பேரோட வேல செஞ்ச ஆளு. இந்தச் சனங்களுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா? தங்கச்சி ஆரம்பிச்சு இப்ப எல்லாரும் ஆடுறாங்க. நீங்களே உங்க கையால அந்தம்மா மரத்த எடுத்துட்டீங்கன்னா மத்தவங்க தன்னால அடங்கிருவாங்க. உங்களுக்கு வேண்டியத நாங்க பாத்துக்குவோம்."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் என் கையிலிருந்த மம்பட்டி நின்றுவிட்டது. அதே பேச்சு. ஆள்தான் வேறு.

"ஐயா, ஒரு தரம் அப்படிச் செஞ்சிட்டேன்" என்றேன். "எங்க தங்கச்சி வச்ச மரம்தான். இந்தக் கையாலதான் வெட்டினேன். அதுக்கு வேலையும் குடுத்தாங்க. இனிமே எங்கிட்ட வெட்டச் சொல்லிக் கேக்காதீங்க. வேணும்னா எழுதிக் குடுங்க, எங்க தங்கச்சி வாசிச்சுக்குவா."

அவர் போகவில்லை. நான் குனிந்து ஒரு மம்பட்டி மண்ணை அள்ளினேன். அவர் நின்ற இடத்தில்தான் அதைப் போட வேண்டியிருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா. சப்பாத்துல மண்ணு விழும்."

தள்ளி நின்றார்.

அண்ணன் வீரய்யா